குங்குமத்துக்குப் பின்னால் இருந்த முள்

“ஜீப்பில் இன்று புதிதாக இரண்டு மீட்டர்கள். ஏறும்போது ஆயில் முள் நடுவில் நின்றது. இறங்கும்போது வளைவுக்கு வளைவு படுத்து எழுந்தது. அண்ணன் பாடவில்லை.”

ஆவணி மாதத்து ஒரு திங்கட்கிழமைக்கு நேராக என் டைரியில் இவ்வளவுதான் இருக்கிறது. வானிலை, வழியில் கண்டது, படித்துக்கொண்டிருந்த புத்தகம் எல்லாவற்றையும் குறித்துவைப்பது என் பழக்கம். அன்று புத்தகத்தின் பெயர் இல்லை. ஜீப்பில் அன்று நான் எதையும் படிக்கவில்லை என்று பொருள்.

போடிமெட்டுக்கு அப்பால், கேரள எல்லைக்குள் இருக்கும் ஒரு தோட்டத்துப் பள்ளியில் அப்போது நான் ஆசிரியை. பள்ளி மணிக்கு முன்னால் மேலே கொண்டுசேர்க்கும் பஸ் கிடையாது. ஆகவே ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு விடியுமுன் போடியிலிருந்து கிளம்பும் ஜீப்தான் எனக்கும் வாகனம். பின்னால் அவர்கள் முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு, மடியில் தூக்குவாளியோடு உட்கார்ந்திருப்பார்கள். முன்னால் ஓட்டுநருக்குப் பக்கத்தில் நான். எனக்கு அடுத்து, வெளியோரமாக, அந்தப் பெண்களைத் திரட்டி அழைத்துவரும் ராசிங்காபுரத்துக் கங்காணியக்கா. டீச்சர் என்பதால் எனக்கு முன் இருக்கை. அந்த மரியாதையால்தான் மீட்டர்கள் சரியாக என் கண்ணுக்கு நேரே வந்து சேர்ந்தன.

ஓட்டுநரை எல்லோரும் ஜீப்பு அண்ணன் என்போம். மலை ஏறும்போது பேச்சு, இறங்கும்போது பாட்டு என்பது அவர் வழக்கம். வண்டி, பின்னால் உட்கார்ந்திருந்த பாதிப் பேரைவிட வயதில் மூத்தது. அவர் வாங்கியபோதே டாஷ்போர்டில் எதுவும் வேலை செய்யவில்லையாம். எஞ்சின் சூடு மூக்குக்குத் தெரியும், எண்ணெய்க் குறைவு காதுக்குத் தெரியும் என்று சொல்லிக்கொண்டே இத்தனை வருடம் ஓட்டியிருந்தார். அந்த ஆடியில் மூக்கும் காதும் ஒன்றும் சொல்லாமலே, ஆள் ஏற்றாமல் மேலே போன ஒரு நாள், எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. ஏற்றத்தில், காலி வண்டியில் நடந்தது. இறக்கத்தில், ஆட்களோடு நடந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்த கையோடு மீட்டர் மாட்டச் சம்மதித்தார்.

திங்கட்கிழமை வண்டி வருமா என்று கேட்க நான் பட்டறைக்குப் போயிருந்தபோது அந்த வேலை நடந்துகொண்டிருந்தது. டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு தகட்டை வளைத்து மாட்டி, அதில் உள்ளங்கைக்குள் அடங்கும் இரண்டு மீட்டர்களைப் பொருத்தியிருந்தார் மெக்கானிக். ஒன்று எஞ்சின் சூட்டுக்கு, ஒன்று எண்ணெய் அழுத்தத்துக்கு. எஞ்சினிலிருந்து மெல்லிய செம்புக் குழாய் ஒன்று, அதிர்ச்சி தாங்குவதற்காக நடுவில் ஒரு சுற்றுச் சுற்றப்பட்டு, முன்தகட்டைத் துளைத்து உள்ளே வந்தது. துளையின் விளிம்பு குழாயை அறுக்காமலிருக்க ரப்பர் வளையம் போட வேண்டும். அளவான வளையம் கிடைக்காததால் சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றினார்.

“எண்ணெயே இதுக்குள்ள வருமா?” என்று கேட்டேன்.

“ஆமா டீச்சர். அது வந்து தள்ளுனாத்தான் முள்ளு எந்திரிக்கும்,” என்றவர் அண்ணன் பக்கம் திரும்பினார். “மாமா, முள்ளு அடியில போயி படுத்துருச்சுன்னா எங்க இருந்தாலும் எஞ்சின ஆஃப் பண்ணிரணும். யோசிச்சுக்கிட்டு இருக்கக் கூடாது.”

“வளைவுல படுத்தா?”

“வளைவுலயுந்தான்.”

“சரிதான் மாப்ளே. அப்ப முள்ளுக்குத் தொணையா நாங்களும் படுத்துக்கிர்றோம்,” என்று அண்ணன் சிரித்தார். அவர் அந்த மீட்டரைப் பார்த்துச் சிரித்ததை நான் கண்டது அந்த ஒரு தடவைதான்.

டைரியில் எழுதியபடி, ஏறும்போது தொந்தரவில்லை. மாலையில் இறங்கும்போதுதான் தொடங்கியது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வண்டி ஊர்ந்து திரும்புகையில் முள் மெல்லச் சரியும். அடியைத் தொடுவதற்கு ஒரு மயிரிழை இருக்கும்போது வளைவு முடிந்து வண்டி வேகமெடுக்கும், முள்ளும் எழுந்துகொள்ளும். மறுநாள் அண்ணன் பட்டறையில் விசாரித்தார். சூடான எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது முள் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும் என்று பதில் வந்தது. “கொஞ்சம்னா எம்புட்டு மாப்ளே?” என்றதற்கு மெக்கானிக் விரலை லேசாக மடக்கிக் காட்டினாராம். அந்த மடங்கிய விரலின் அளவை நம்பித்தான் அதன்பிறகு தினமும் மாலையில் நாங்கள் மலை இறங்கினோம்.

அண்ணன் பாட்டை நிறுத்தியது பின்னால் இருந்தவர்களுக்கு உடனே தெரிந்துவிட்டது. காரணமும் தெரிந்துவிட்டது. வளைவு வரும்போதெல்லாம் பின்னாலிருந்து குரல் கேட்கும்.

“டீச்சர், முள்ளு நிக்குதா, படுத்துருச்சா?”

எனக்கு முன்னால் கங்காணியக்கா பதில் சொல்லிவிடுவார். “நிக்குதுடி, நிக்குது. ஒன் மாமியா கணக்கா வெறைப்பா நிக்குது.”

“எங்க மாமியா படுத்து ரெண்டு மாசமாச்சுக்கா!”

சிரிப்பார்கள். அடுத்த வளைவில் ஒருத்தி தாலிக்கயிற்றை எடுத்து வாயில் கவ்விக்கொள்வாள். இரண்டு பேர் காரணம் சொல்லாமல் வேறு ஜீப்புக்கு மாறினார்கள். “முள்ள விடுங்கத்தா, என்னைய ரோட்டப் பாக்க விடுங்க,” என்று அண்ணன் கெஞ்சுவார். ஆனால் ரோட்டைவிட அதிகமாக முள்ளைப் பார்த்தது அவர்தான். பாதை பழையது, வண்டி பழையது, எஞ்சின் முன்பைவிட நல்ல நிலையில் இருந்தது. புதிதாக வந்தது அந்த முள் மட்டுமே. அதுவரை மலைப்பாதையில் பயம் என்பது தடுப்புச்சுவருக்கு வெளியே, பனிக்குள் எங்கோ இருந்தது. இப்போது கைநீட்டினால் தொடும் தூரத்தில், கண்ணாடி போட்டு மூடி, நடுங்கிக்கொண்டிருந்தது.

பிறகு ஆயுதபூஜை வந்தது. வண்டியைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, ஸ்டீரிங், விளக்கு, பானெட் என்று ஓரிடம் விடாமல் பொட்டு வைத்தார் கங்காணியக்கா. கடைசியாக உள்ளே குனிந்து அந்த இரண்டு மீட்டர் கண்ணாடிகளிலும் கட்டைவிரலால் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமத்தை அழுத்தினார். “எம்புட்டுப் பேர் உசுரு இந்த முள்ளுல இருக்கு, இதுக்குத்தான் பெருசா வைக்கணும்,” என்றார். யாரும் மறுக்கவில்லை. சந்தனம் காய்ந்து இறுகியது. சூட்டு மீட்டரில் ஓரம் கொஞ்சம் தெரிந்தது. ஆயில் மீட்டரில் எழுத்தும் இல்லை, முள்ளும் இல்லை.

பூஜைப் பொட்டை எங்கள் பக்கத்தில் யாரும் துடைக்க மாட்டார்கள். அது தானாகக் காய்ந்து உதிர வேண்டும். பீரோவிலும் தையல் மிஷினிலும் தைப் பொங்கல்வரைகூட அப்படியே இருக்கும். ஆகவே மறுநாள் மலை ஏறும்போது அதை யாரும் குறையாகச் சொல்லவில்லை. மாலையில் முதல் வளைவில் பின்னாலிருந்து கேள்வி வந்தது. “அம்மன் மறைச்சிருக்காடி, பேசாம வா,” என்றார் கங்காணியக்கா. மூன்று வளைவு தாண்டியதும், அத்தனை வாரத்துக்குப் பிறகு, அண்ணன் பாடத் தொடங்கினார். பின்னால் அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஜீப்பு மாறிய இருவரும் அந்த வாரமே திரும்பிவந்தார்கள். எனக்கு மட்டும் பயம் குறையவில்லை. ஒவ்வொரு வளைவிலும் அந்தச் சிவப்புப் பொட்டுக்குப் பின்னால் முள் சரிவதை மனத்தால் பார்த்துக்கொண்டிருந்தேன். அதையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பாட்டு நன்றாக இருந்தது.

அது நடந்தது ஐப்பசியில், ஒரு புதன்கிழமை. மழை என்று நான் குறித்திருக்கிறேன். மழையில்லை, மூடுபனிதான் என்கிறார் கங்காணியக்கா. ரோடு நனைந்திருந்ததில் எங்களுக்குள் வேறுபாடில்லை. போடிமெட்டைத் தாண்டிப் பாதித் தூரம் இறங்கியிருப்போம். என் வலது பாதத்தில் ஏதோ சொட்டியது. மேலே தார்ப்பாயிலிருந்து ஒழுகுகிறது என்று நினைத்தேன். இரண்டாவது சொட்டு வெதுவெதுப்பாக இருந்தது. மழைத் தண்ணீர் வெதுவெதுப்பாக இராது. குனிந்து தொட்டேன். விரல் வழுக்கியது.

“என்ன டீச்சர்?” என்றார் கங்காணியக்கா.

“எண்ணெய்.”

பாட்டு நடுவரியில் நின்றது. அண்ணன் இடது கையை நீட்டி, ஆயில் மீட்டரின் மேல் கட்டைவிரல் நகத்தால் ஒரே சுரண்டு சுரண்டினார். சந்தனம் ஓடுபோலப் பெயர்ந்து என் மடியில் விழுந்தது. முள் அடியில் கிடந்தது. நடுக்கம்கூட இல்லை.

இடப்பக்கம் பள்ளம்; குட்டைச் சுவர், அதற்கப்பால் வெள்ளைப் பனி. மலைச்சரிவு எங்களுக்கு வலப்பக்கம், எதிரே ஏறிவரும் வண்டிகளின் பக்கம். அடுத்த வளைவு நூறடிக்கு மேல் இருக்காது. எஞ்சின் ஆடியில் இறுகியதுபோல இப்போது இறுகினால் சக்கரமும் சேர்ந்து இறுகும்; நனைந்த ரோட்டில் வண்டி தன் இஷ்டத்துக்குப் போகும். இதெல்லாம் பிறகு நான் யோசித்துக் கோத்தது. அந்த நேரத்தில் நான் பார்த்தது அவர் முகத்தை மட்டும்தான். வயதான ஆள்போல இருந்தது.

“டீச்சர், காலத் தூக்கிக்கங்க,” என்று மெதுவாகச் சொன்னார். பிறகு கத்தினார்: “எல்லாரும் கம்பியப் பிடிங்கத்தா!”

கியரை விடாமலே எஞ்சினை நிறுத்தும் கம்பியை இழுத்தார். ஹாரனை அழுத்தியபடி, எதிரே என்ன வருகிறது என்று தெரியாத பனிக்குள், வண்டியை ரோட்டுக்குக் குறுக்கே வலப்பக்கம் திருப்பினார். முன்சக்கரம் மலையோரத்து ஓடைக்குள் இறங்கியது. வண்டி சாய்ந்து, பாறையில் உரசி, நின்றது. ஒரு தூக்குவாளி மட்டும் மூடி கழன்று ரோட்டில் உருண்டு போகும் சத்தம் கேட்டது. பின்னால் யாரோ கேட்டாள்: “உசுரோடதான இருக்கோம்?”

“வாய் பேசுதுல்ல, அப்ப இருக்க. எறங்குங்கடி வெரசா, கல்லு கொண்டாங்க,” என்றார் கங்காணியக்கா. பெண்கள் கல் எடுத்து சக்கரத்துக்கு அண்டை கொடுத்துக்கொண்டிருந்தபோது, நாங்கள் குறுக்கே வந்த அதே பாதையில் ஒரு லாரி பனியைக் கிழித்துக்கொண்டு ஏறிவந்து, ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

டார்ச் அடித்துப் பார்த்தார் அண்ணன். சைக்கிள் டியூப் நழுவி, தகட்டு விளிம்பில் உரசி உரசிக் குழாய் அறுந்திருந்தது. எஞ்சினைக் காக்க மாட்டிய மீட்டரின் குழாய் வழியாகவே எஞ்சினின் எண்ணெய் வெளியேறியிருந்தது.

“குங்குமத்த நாந்தான வச்சேன்,” என்றார் கங்காணியக்கா. முந்தானையால் கட்டைவிரலைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“நீங்க வச்சது ஒரு நாளுக்கா. தொடைக்காம இருந்தது நானு.”

“தொடைக்கக் கூடாதுல்ல தம்பி.”

“அதுக்காக இல்லக்கா. தொடைச்சா தெரிஞ்சுருமேன்னுதான்.”

அதன்பிறகு அவர் ஆள் ஏற்றவில்லை. எஞ்சின் தப்பித்தது, அதே ஜீப்பில் இப்போது சமவெளியில், காய்கறியும் தீவனமும் லோடு அடிக்கிறார். நானும் கீழே போடியில் வேலைக்கு வந்துவிட்டேன். எந்த வண்டியில் ஏறினாலும் கண் முதலில் டாஷ்போர்டுக்குப் போகிறது. இன்றைய வண்டிகளில் முள் கிடையாது. திரையில் படமாக வருகிறது. ஓட்டுபவர்கள் அதில் பாட்டு மாற்றுகிறார்கள். நான் திரும்பி ஜன்னல் வழியே பார்த்துக்கொள்கிறேன்.

இந்தக் குறிப்பை எழுதுமுன் மூவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். எண்ணெய் சொட்டியதும் பார்த்தோம், அப்போதுதான் அறுந்திருக்கும் என்கிறார் கங்காணியக்கா. ஓட்டை சிறியது, மலை உச்சியிலிருந்தே கசிந்திருக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். அண்ணன் தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துக் கட்டினார். அறுந்த குழாய் பழைய இரும்போடு போய்விட்டது. முள் எந்த வளைவில் படுத்தது, அதற்குப் பிறகு எத்தனை வளைவுகளை நாங்கள் பாடிக்கொண்டே இறங்கினோம் என்பது இன்றுவரை உறுதிசெய்யப்படவில்லை.