கோதுமை ஆகாத மேஸ்திரி

மேஸ்திரியின் முதுகிலிருந்து கோதுமை மூட்டை நழுவி விழுந்ததை நான் மேலிருந்து பார்த்தேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த காலம் அது. கூண்டிலிருந்து பார்த்தால் கீழே வேலை செய்கிறவர்களின் தலைகளும் முதுகுகளும்தான் தெரியும். முகத்தைப் பார்க்காமலே முதுகை வைத்து ஆளைச் சொல்லிவிடுவேன். மேஸ்திரியின் முதுகு எல்லாரையும்விட அகலமானது. முப்பது பேரை வேலை வாங்குகிறவர் மூட்டை தூக்க வேண்டியதில்லை. ஆனாலும் நாளின் முதல் மூட்டையை அவரே சுமந்துபோய்க் கிடங்கில் வைப்பார். பிறகுதான் மற்றவர்கள் கை வைப்பார்கள். அன்று அவரால் பத்தடிகூட நடக்க முடியவில்லை. விழுந்த மூட்டையின்மேலேயே உட்கார்ந்துவிட்டார். முப்பது பேரும் அசையாமல் நின்றார்கள். நானும் விசையிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

அப்போது ஐம்பதுகளின் பிற்பகுதி. அரிசி கிடைப்பது அரிதாகி, ரேஷன் கடையில் கோதுமையை அளந்து போட்டார்கள். அதுவரை சோறும் மீனும் மட்டுமே அறிந்திருந்த காசிமேட்டு வீடுகளில் கோதுமைக் கஞ்சியும் ரவை உப்புமாவும் நுழைந்தன. பலர் முகம் சுளித்தார்கள். மேஸ்திரிக்கு மட்டும் அது பிடித்துப்போயிற்று. வீட்டில் கஞ்சி, துறைமுக வாசலில் டீயும் பன்னும் என்று மூன்று வேளையும் அதையே சாப்பிட்டார். அடுத்த ஒரு வருஷத்தில் அவர் தேய்ந்துபோனதை நான் கூண்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். தோள்பட்டை எலும்பு சட்டைக்கு மேலாகத் தெரிய ஆரம்பித்தது.

மூட்டை விழுந்த அன்று மாலை, நெருங்கிய சிநேகிதன் என்ற உரிமையில் நான் கேட்டபோதுதான் அவர் வாய் திறந்தார். "இன்னான்னு சொல்றது நைனா? வயிறு பானையாட்டம் ஊதிக்கினு கீது. கையும் காலும் குச்சியாப் பூட்ச்சி. வாயெல்லாம் புண்ணு." மீதியைத் தாழ்ந்த குரலில் சொன்னார். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை வெளியே போகிறது. வெளுத்து, எண்ணெய்ப் பிசுக்காக இருக்கிறது. எத்தனை சொம்பு தண்ணீர் ஊற்றினாலும் மிதந்துகொண்டு போக மறுக்கிறது. முப்பது பேரை ஒரு அதட்டலில் நிறுத்தக்கூடியவர் இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

எல்லாரும் சயரோகம் என்றுதான் நினைத்தார்கள். அந்த ஒரு சொல் போதும், டீக்கடையில் தனி டம்ளர் வைத்துவிடுவார்கள். ஆள் எடுக்கிறவர்கள் பெயரையே அடித்துவிடுவார்கள். சளியைச் சோதித்தார்கள், நெஞ்சைப் படம் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை. பக்கத்து டிஸ்பென்சரியில் பூச்சி மருந்தும் டானிக்கும் கொடுத்து, சத்தாகச் சாப்பிடச் சொல்லி அனுப்பினார்கள். அந்த நாளில் காய்ச்சல்காரரைப் பார்க்கப் போகிறவர்கள் ரொட்டி வாங்கிப் போவதுதான் வழக்கம். எளிதில் செரிக்கும், சோற்றைவிட நல்லது என்று டாக்டர்களே சொல்வார்கள். மேஸ்திரியின் ஆட்கள் ஒவ்வொருவரும் அவர்மேல் வைத்திருந்த பிரியத்தை ஒரு ரொட்டியாக வாங்கிக்கொண்டு போனார்கள். நானும் இரண்டு முறை வாங்கிப் போனேன். பாலில் நனைத்து என் கையால் ஊட்டியும் விட்டேன்.

அவருடைய மனைவியை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். மீன் கூடை தூக்கி ராயபுரத்துத் தெருக்களில் விற்றவர். எழுதப் படிக்கத் தெரியாது. எந்த வீட்டில் யாருக்கு எந்த மீன் சாப்பிட்டால் சொறி வரும், யாருக்கு எது ஒத்துக்கொள்ளும் என்பது மட்டும் அத்தனையும் தலைக்குள் இருக்கும். புருஷன் பிழைக்கமாட்டார் என்று ஊர் பேச ஆரம்பித்ததும், பழவேற்காட்டில் இருந்த தன் தாய்வீட்டுக்கு அவரைப் படகில் கூட்டிப்போனார். நாற்பது நாள் கழித்துத் திரும்பியபோது மேஸ்திரியின் கன்னத்தில் சதை பிடித்திருந்தது. ஏரிக்காற்று என்றார்கள் சிலர், அங்கிருக்கும் அம்மன் என்றார்கள் சிலர். மூன்று வாரத்தில் பழையபடி வயிறு ஊதிக்கொண்டது.

அண்ணி என்னைத் தேடி வந்தார். "காத்தும் இல்ல, சாமியும் இல்ல தம்பி. அங்க ரேஷன் கடை தூரம். நாப்பது நாளும் சோறும் மீனும்தான் துன்னாரு. இங்க வந்து கோதுமையில கை வச்சாரு, வயிறு பூட்ச்சி. உனுக்கு இங்கிலீசு தெரியும். பெரியாஸ்பத்திரிக்கு வந்து சொல்லு."

நான் உள்ளூரச் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஊரே சாப்பிடுகிற தானியம் ஒருவரை மட்டும் எப்படிக் கொல்லும்? ஆனாலும் லீவு போட்டுவிட்டு அவர்களோடு போனேன். அங்கே இருந்த டாக்டரம்மா நடுவயதுக்காரர், அதிகம் பேசாதவர். நான் ஆங்கிலத்தில் ஆரம்பித்ததும் கையை உயர்த்தி நிறுத்திவிட்டு, "அவங்களே சொல்லட்டும்" என்றார். அண்ணி எல்லாவற்றையும் சொன்னார். வெளியே போவது தண்ணீரில் மிதப்பதைச் சொன்னபோது டாக்டரம்மா எழுதுவதை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். அண்ணி இன்னொரு தடவை சொன்னார்.

கோதுமையால் குடல் கெட்டுப்போகிற ஒரு வியாதி உண்டென்று கொஞ்ச காலத்துக்கு முன்புதான் வெளிநாட்டில் கண்டுபிடித்திருப்பதாக டாக்டரம்மா சொன்னார். தானே இதுவரை ஒருவரையும் பார்த்ததில்லை என்றும் மறைக்காமல் சொன்னார். பிறகு அவர் சொன்னதுதான் எங்களைத் திடுக்கிட வைத்தது. நிச்சயமாகத் தெரிய வேண்டுமானால் மேஸ்திரி இப்போது கோதுமையை நிறுத்தக்கூடாது. சாப்பிட்டுக்கொண்டே வந்து ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். போகிறதையெல்லாம் சேர்த்து வைத்து அதில் எவ்வளவு கொழுப்பு உடம்பில் சேராமல் வீணாகிறது என்று அளப்பார்கள். அதன்பின் கோதுமையை அடியோடு நிறுத்திவிட்டு, இரண்டு மாதம் கழித்து மறுபடி அளப்பார்கள்.

"தெரிஞ்சிக்கினே விசத்தக் குடுக்கச் சொல்றீங்களாம்மா?" என்று அண்ணி கேட்டார்.

"இப்பவே நிறுத்திட்டா குடல் ஆற ஆரம்பிச்சிடும். சோதனையில ஒண்ணும் தெரியாது. ஒருவேளை உங்க கணக்கு தப்பா இருந்து, உள்ளே வேற வியாதி இருந்தா, அதையும் விட்டுடுவோம்."

மேஸ்திரிதான் பேசினார். "துன்றேன்மே. இன்னான்னு தெரியட்டும், துன்றேன்."

வார்டில் சுற்றிலும் இருந்தவர்களுக்குச் சோறு வந்தது. அவருக்கு மட்டும் ரொட்டி. ஒவ்வொரு துண்டும் தன்னை என்ன செய்யும் என்று தெரிந்தும், சுவரைப் பார்த்துக்கொண்டு மென்று விழுங்கினார். கட்டிலுக்கடியில் மூடிபோட்ட தகர டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் அவர் பெயரெழுதிய சீட்டு. "என் பேர எழுதினு ஒட்ற அளவுக்கு அதுக்கு மவுசு வந்துட்ச்சி பாரு நைனா" என்று மூன்றாம் நாள் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கப்பலின் அடித்தட்டிலிருந்து எத்தனையோ பெரிய பாரங்களை இழுத்துத் தூக்கியிருக்கிறேன். அந்த மனிதர் ஒரு துண்டு ரொட்டியை வாய்க்குக் கொண்டுபோனதைப் போல் கனமான ஒன்றை நான் பார்த்ததில்லை.

முதல் அளவில் கொழுப்பு மிக அதிகம் என்றார்கள். கோதுமையை நிறுத்தி இரண்டு மாதம் கழித்து எடுத்த அளவில் அது வெகுவாக இறங்கியிருந்தது. இரண்டு காகிதங்களையும் டாக்டரம்மா மேஜையில் அருகருகே வைத்தார். அண்ணியைப் பார்த்து, "நீங்க சொன்னதுதாம்மா இதுல எழுதியிருக்கு" என்றார். அண்ணி அந்த எழுத்துகளை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார்.

அரிசி, கேழ்வரகு, மீன் எல்லாம் சாப்பிடலாம். கோதுமையும் பார்லியும் இந்த ஜன்மத்துக்கும் கூடாது, ஒரு வாய்கூட. அப்படியே இருந்து மேஸ்திரி தேறி வேலைக்கும் திரும்பினார். ஆனால் அடுத்த வருஷம் நடுவில் மறுபடி வயிறு ஊத ஆரம்பித்தது. டாக்டரம்மாவுக்கே காரணம் தெரியவில்லை. அண்ணி பதினைந்து நாள் தன் சமையலில் ஒவ்வொரு பொருளாக நிறுத்திப் பார்த்தார். கடைசியில் மளிகைக் கடைக்குப் போய், கட்டிப் பெருங்காயத்தை எதைச் சேர்த்துப் பிசைகிறார்கள் என்று கேட்டார். மைதா மாவு என்றார் கடைக்காரர்; அதுவும் கோதுமைதான். அதைக் கேட்டு டாக்டரம்மா தன் நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். படித்தவர், படிக்காதவர் என்று நான் மனசுக்குள் போட்டு வைத்திருந்த கோடு அன்றோடு அழிந்தது.

இன்று கையில் ஒரு ஊசி குத்தி ரத்தம் எடுத்து இந்த வியாதியின் தடயத்தைச் சொல்லிவிடுகிறார்கள். குடலிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்து உறுதியும் செய்கிறார்கள். அன்று ஒரு மீன்காரப் பெண்ணின் ஞாபகமும், அதைக் காதுகொடுத்துக் கேட்ட ஒரு டாக்டரும்தான் இருந்தார்கள். பின்னாளில் அதே மாதிரி வயிறு ஊதி மெலிந்த பிள்ளைகள் வந்தால், சமையல் கேட்டுத் தெரிந்துகொள்ள அவர்களின் தாய்மாரை டாக்டரம்மா காசிமேட்டுக்கு அண்ணியிடம் அனுப்புவார். ஒருநாள் காலை ஏலம் முடிந்த நேரத்தில் நான் மீன் வாங்கப் போயிருந்தேன். வியாசர்பாடியிலிருந்து ஒரு பெண், குச்சிக் கால்களும் பெரிய வயிறுமாக இருந்த குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அண்ணி முன்னால் நின்றாள். டாக்டர் சோதனைக்கு வரச் சொன்ன தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றும், பயத்தில் நேற்றிலிருந்தே கோதுமையை நிறுத்திவிட்டதாகவும் அழுதுகொண்டே சொன்னாள். அண்ணி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"இப்பவே நிறுத்தாத கண்ணு, மறுபடி குடு. மனசு கேக்காது, தெரியும். கொழந்த துன்னுக்கினே இருக்கட்டும், போய் சோதிச்சிக்கோ. அப்பால நிறுத்தலாம். அன்னிக்கு நானும் ஒங்கூட வர்றேன்."