சவம் போகும் வழிக்கு ஒரு நகல்

எங்கள் ஊரில் செத்தவர் சீமை தாண்டித்தான் எரிய வேண்டும். சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். வீடுகள் இருக்கும் பக்கம் பழைய மலபார், அதாவது ஒரு காலத்து மெட்ராஸ் சர்க்கார். வாய்க்காலைத் தாண்டினால் கொச்சி மகாராஜாவின் சீமை. மாகாணமும் போய், மகாராஜாவும் போய், எல்லாம் ஒரே கேரளம் ஆகிப் பல வருடம் கழிந்த பிறகும் சுடுகாடு அக்கரையில், ஆற்றோரத்திலேயே இருந்தது. வாய்க்காலிலிருந்து அதற்குப் போக ஒரே ஒரு நடைவழி. அது என் மாமாவின் காட்டு ஓரமாகப் போனது. காடு என்றால் எங்கள் பக்கம் மானாவாரி நிலம். மாமா என்றது அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணனை.

எழுபதுகளின் தொடக்கத்தில் மாமா அந்தக் காட்டில் கிணற்றுக்கு மோட்டார் போட்டுத் தென்னங்கன்று வைத்தார். ஆடு கடிக்கிறது என்று சுற்றிலும் கம்பி வேலி போட்டார். நடைவழியும் வேலிக்குள் போய்விட்டது. அப்பா போய்க் கேட்டார். பேச்சு தடித்தது. "என்ற காடு, என்ற வேலி" என்று அவர் சொல்ல, "உன்ற காட்டக் கொண்டுபோய் நீயே வெச்சுக்க" என்று இவர் சொல்ல, அதோடு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது.

அடுத்த கர்க்கடக மாதத்தில், அதாவது ஆடியில், அம்மா இறந்துபோனாள். விடாத மழை. மாமா வேலியை அவிழ்க்கவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. பாடையை வயல் வழியாகச் சுற்றிக்கொண்டு போனார்கள். முழங்கால் சேற்றில் தோள் கொடுத்தவர்களில் ஒருவர் சறுக்க, பாடை ஒருபக்கம் சாய்ந்து, அம்மாவின் ஒரு கை துணிக்கு வெளியே வந்து தொங்கியதாம். நான் பார்க்கவில்லை. எங்களில் பெண்கள் வாய்க்கால்வரைதான் போவோம். அங்கே நின்று அழுதுவிட்டுத் திரும்பிவிட வேண்டும். அண்ணன்தான் வந்து சொன்னான். கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்பா முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டார். அவருக்கு அப்போதே இழுப்பு. இரவெல்லாம் உட்கார்ந்தபடியே இருப்பார். "எனக்கொண்ணும் வேண்டாங் கண்ணு. உங்கம்மாளச் சேத்துல அலைக்கழிச்ச மாதிரி என்னைய அலைக்கழிக்காதீங்க. நேர்வழியில கொண்டுபோயிருங்க" என்றார். கேட்டதெல்லாம் அவ்வளவுதான். வக்கீல், "வாய்ச்சொல் எடுபடாது, வழி இருந்ததற்குப் பழைய பதிவு வேண்டும்" என்றார். அண்ணனுக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர், மலையாளமும் படித்தவள். பதிவைத் தேடும் வேலை என் தலையில் விழுந்தது.

முதலில் போனது கோழிக்கோட்டுக்கு. "நாம மலபார்க்காரங்க" என்று அப்பா நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். வரி கட்டினது, படித்தது, சந்தைக்குப் போனது எல்லாம் மலபாரில். சுடுகாட்டு வழி மட்டும் எங்கே போகும்? பழைய மலபார்ப் பதிவுகளை வைத்திருந்த அலுவலகத்தில் தலைமையாசிரியை கொடுத்த கடிதத்தைக் காட்டி, அம்சம், தேசம் என்று அந்தக் காலத்துப் பிரிவுகளை விசாரித்துச் சீட்டு எழுதிக் கொடுத்துக் காத்திருந்தேன். பதிவேடு வந்தது. எங்கள் தெரு இருந்தது, எங்கள் கிணறு இருந்தது, நடைவழியும் இருந்தது. வாய்க்கால்வரை வந்து நின்றுவிட்டது.

அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். வேறு ஊர் தொடங்கியது. மீண்டும் முன்பக்கம், மீண்டும் பின்பக்கம். மேஜைக்கு வந்த அதிகாரி குனிந்து பார்த்துவிட்டு, "இவிடெ கழிஞ்ஞு டீச்சரே. தோட்டின்றெ அக்கரெ கொச்சியல்லே?" என்றார். மலபார் இங்கே முடிந்தது, தோடு என்ற வாய்க்காலுக்கு அக்கரை கொச்சியாம். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் மேல் இல்லை. பிறந்தது முதல் அந்த வாய்க்காலில் துணி துவைத்தவள் நான். இக்கரை வேறு, அக்கரை வேறு என்று பாட்டாகப் பாடும் ஊர் அது. உயிரோடு இருப்பவர் எந்தச் சீமை என்று யோசித்தோமே தவிர, செத்தவர் எந்தச் சீமைக்குப் போகிறார் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. வண்டிச் சத்தமும் லீவும் போனதுதான் மிச்சம். ரயிலில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து வந்தேன்.

கொச்சிச் சீமையின் பழைய பதிவுக் கட்டுகள் எர்ணாகுளத்தில் இருந்தன. அங்கே மைக்கு அனுமதி இல்லை, பென்சில் மட்டும்தான். காலையில் சீட்டு கொடுத்தால் மதியத்துக்கு மேல் துணியில் சுற்றிய கட்டு ஒன்று வரும். அது நாம் கேட்டதாகவும் இருக்கலாம், பக்கத்து ஊருடையதாகவும் இருக்கலாம். குற்றம் கேட்டவருடையது, கொண்டுவந்தவருடையது அல்ல. எனக்கு முதலில் வந்ததெல்லாம் பக்கத்து ஊர்தான். கடைசியில் மேஜைக்காரர் பொறுமையாகக் கேட்டார்: "பறம்பின்றெ பேரு அறியுமோ?"

அந்தச் சீமையில் ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பேர் உண்டு, பதிவும் அந்தப் பேரில்தான். எனக்குத் தெரிந்த பேர் 'மாமன் காடு'. எனக்கு மாமன், மகாராஜாவின் கணக்கப்பிள்ளைக்கு மாமனா? வெட்கமாகப் போய்விட்டது. பேரை நிச்சயமாகச் சொல்லக்கூடிய ஆள் ஒருவர்தான், அவரோ எதிர்க்கட்சி. அவர் வாசலில் போய் நிற்பதற்கு நான் வாய்க்காலிலேயே விழுவேன் என்று சொல்லிக்கொண்டு ஊர் திரும்பினேன்.

அப்பா தலையணையில் சாய்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். மூச்சு வாங்கி வாங்கி யோசித்தார்.

"உங்கம்மா கலியாணமாகி வந்த புதுசுல சொல்லுவா. எட்டிமரத்துக் காட்டுல கள்ளக்கா பொறுக்குனோம், எட்டிமரத்துக் காட்டுல பாம்பு பாத்தோம்னு. எந்நேரமும் உங்க மாமன் காட்டுப் பேச்சுத்தான்."

"அங்க எட்டிமரமே இல்லீங்களேப்பா."

"இப்ப இல்ல. அவ தாத்தன் காலத்துல இருந்திருக்குமல்ல? போ, எழுதிக் குடுத்துப் பாரு."

எட்டிமரத்துக் காடு என்றே சீட்டில் எழுதினேன். மதியம் கட்டு வந்தது. பழைய மலையாளக் கையெழுத்து. வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி இல்லாமல் ஒரே ஓட்டமாக எழுதியிருந்தார்கள். நாலெல்லையில் கிழக்கு, தெற்கு என்று விரல் படாமல் பென்சில் நுனியால் தடவிக்கொண்டே போனேன். தெற்கெல்லையில் இருந்தது. "தோட்டின் வக்கத்து நின்னு புழயோரத்தெ சுடலக்களம் வரெ சவம் கொண்டுபோகுன்ன நடவழி. முடக்கான் பாடில்ல."

வாய்க்கால் கரையிலிருந்து ஆற்றோரச் சுடுகாடுவரை சவம் கொண்டுபோகும் நடைவழி. முடக்கக் கூடாது. அந்த இரண்டு சொல்லைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சந்தோஷம் என்று சொல்ல வாய் வரவில்லை. அம்மா போவதற்கு முன்னால் யாராவது இதை வந்து கேட்டிருக்கக் கூடாதா என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ கோயில் கணக்குப் படித்துக்கொண்டிருந்தவர் நான் மூக்கை உறிஞ்சுவதைப் பார்த்து, தூசி என்று நினைத்துக்கொண்டு மின்விசிறியைக் குறைக்கச் சொன்னார்.

பென்சிலால் எழுதிக்கொண்டு வந்தது கோர்ட்டில் செல்லாது. முத்திரை வைத்த நகலுக்குத் தனியாக விண்ணப்பம். ஒருவர் எழுத, இன்னொருவர் ஒத்துப் பார்க்க, மேலதிகாரி கையெழுத்துப் போட, தபாலில் வரும் என்றார்கள். ஊருக்கு வந்து அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"அகலம் போட்டிருக்குதா கண்ணு?"

"அகலம் போடலீங்கப்பா. சவம் போற வழின்னு மட்டும் போட்டிருக்குது."

"அப்பறமென்ன? சவம் தானா நடந்து போகுமா? நாலு பேரு தோள் குடுத்துப் போற அகலம் இருக்கோணுமல்ல" என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. அன்று நன்றாகச் சாப்பிட்டார்.

நகல் வருவதற்குள் அப்பா போய்விட்டார்.

மறுபடியும் மழைக்காலம். முற்றத்தில் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். வழக்கு நடக்கிறது, வேலியில் கை வைத்தால் போலீஸ் கேஸ் ஆகும், வயலைச் சுற்றியே போய்விடலாம் என்றார்கள். "ஒருத்தரும் சுத்த வேண்டாம். நேரா நடங்க" என்று கத்தினேன். பொம்பளை பேசுகிறாளே என்று இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அண்ணன் தீச்சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னே நடந்தான். பாடை அவன் பின்னால் போனது.

வாய்க்கால் வந்தது. பெண்கள் நிற்க வேண்டிய இடம். எதிரே, பாலம் தாண்டிப் பத்தடியில் கம்பி வேலி. வேலிக்கு உள்ளே மாமா நின்றுகொண்டிருந்தார், மழையில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு. பாடை பாலத்தில் நின்றது.

"காயிதம் வந்துருச்சா அம்மிணி?" என்று அங்கிருந்தே கேட்டார். இத்தனை வருடத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு.

"வரலீங்க மாமா. ஆனா நான் என்ற கண்ணால பாத்துட்டேன்."

"என்னன்னு எழுதியிருக்குது?"

எனக்கு மனப்பாடம். ஈரச் சேலையோடு வாய்க்கால் கரையில் நின்று, எர்ணாகுளத்தில் படித்ததை மலையாளத்திலேயே உரக்கச் சொன்னேன். சவம் கொண்டுபோகுன்ன நடவழி என்ற இடத்தில் நிறுத்தி, மூச்சு வாங்கி, முடக்கான் பாடில்ல என்பதையும் சொல்லி முடித்தேன். அவர் மூலைக் கல்லில் முறுக்கியிருந்த கம்பியைக் கையாலேயே பிரித்தார். துரு பிடித்த கம்பி, சீக்கிரம் வரவில்லை. தூக்கிக்கொண்டு நின்றவர்கள் தோள் மாற்றிக்கொண்டார்கள். பிறகு வேலியைச் சுருட்டி ஓரமாக இழுத்துவிட்டு அவர் ஒதுங்கி நிற்க, அப்பா நேர்வழியில் போனார். தென்னங்கன்றுகளுக்கு நடுவில் பாடை ஆடாமல் அசையாமல் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நான் ஒரு நாளும் நடந்திராத வழி அது. மற்றப் பெண்கள் திரும்பிவிட்டார்கள். நான் புகை தெரியும்வரை திரும்பவில்லை.

காரியம் முடிந்த மறுவாரமே வேலி மறுபடி ஏறிவிட்டது. ஆடு கடிக்கிறதாம். எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சிவரை பற்றிக்கொண்டு எரிந்தது. அந்தச் சமயத்தில்தான் முத்திரை வைத்த நகல் பதிவுத் தபாலில் வந்து சேர்ந்தது. வக்கீலிடம் கொடுக்கச் சொன்ன அண்ணனைத் தள்ளிவிட்டு, அதை எடுத்துக்கொண்டு நேரே மாமா வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அத்தை தண்ணீர் கொண்டுவந்தாள்; வாங்கவில்லை. நின்றபடியே படித்தேன். அவருக்கும் மலையாளம் படிக்க வராது. முத்திரையைத் தொட்டுப் பார்த்தார்.

"இத மாதிரி எனக்கொண்ணு வாங்கித் தர முடியுமா அம்மிணி?"

"உங்களுக்கெதுக்குங்க? கிழிச்சு அடுப்புல போடவா?"

கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை.

"உங்கம்மாளச் சுத்திக் கொண்டுபோன அன்னிக்கு நான் மோட்டார் ரூமுல நின்னு பாத்துட்டுத்தான் இருந்தேன். அவ கை வெளிய வந்துதே, அதையும் பாத்தேன். பத்து எட்டு எடுத்து வெச்சிருந்தா வேலிய அவுத்திருக்கலாம். கால் வரல." குனிந்து கட்டில் கயிற்றைச் சரி செய்தார். "உங்கப்பனுக்கு அவுத்தேன். ஆடு வந்துச்சு, மறுபடி கட்டிப்போட்டேன். நாளைக்கு நான் போயிட்டா என்ற பையன் இருக்கான். அவனுக்கு நீ வாயில சொன்னாப் பத்தாது, காயிதம் இந்த ஊட்டுக்குள்ளயே இருக்கோணும். வேலி கட்டறது எத்தன சுளுவுன்னு கட்டுனவன் எனக்குத்தான் தெரியும் அம்மிணி."