சூடு காட்டிய பாட்டில்கள்

அமெரிக்காவில், மில்வாக்கி நகரின் தென்பகுதியில், எங்கள் பங்குக் கோயிலைச் சுற்றிய ஏழெட்டுத் தெருக்களில், பீரைப் பற்றி ஒரு சந்தேகம் வந்தால் பெர்னடீன் ஷிமான்ஸ்கியைக் கேட்பதுதான் வழக்கம். வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் புதுப் பீப்பாய் திறந்தால் முதல் தம்ளர் அவர் கைக்குத்தான் போகும். ஒரு வாய் குடிப்பார். தம்ளரை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். "ம், பரவாயில்ல" என்பார். அதன் பிறகு கூட்டம் நிம்மதியாகக் குடிக்க ஆரம்பிக்கும். முப்பத்தொரு வருடம் பீர் ஆலையில் வேலை பார்த்தவர் சொன்ன பிறகு அப்பீல் ஏது?

ஆலையில் அவர் பார்த்தது பீரை அல்ல, பாட்டிலை. முதல் பதினோரு வருடம் வெளிச்சப் பலகைக்கு முன் உட்கார்ந்து, வரிசையாக ஓடி வரும் காலி பாட்டில்களில் விரிசலும் அழுக்கும் தேடினார். ஒரே ஒரு முறை ஒரு சுண்டெலியும் அகப்பட்டது. மீதி இருபது வருடம் வெந்நீர்ச் சுரங்கத்தில். நிரப்பி மூடி போட்ட பாட்டில்கள் அதன் ஒரு வாயில் நுழைந்து, கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் வெந்நீர் மழையில் நனைந்து, மறு வாயில் வெளியே வரும். சூடு கொஞ்சம் இறங்கினாலும் மணி அடிக்கும். அவர் காலத்தில் அந்த மணி அடித்தது நாலே முறை. தேதியோடு சொல்வார். தானியம் ஊறுவதும் வேகுவதும் தெருவுக்கு எதிர்ப்பக்கக் கட்டடத்தில். அதற்குள் போக வேறு நிற அட்டை வேண்டும். அவருக்கு அது கிடையாது. பீர் அவரிடம் வந்து சேரும்போது அது முடிந்துபோன சமாசாரம்.

இதை அவர் யாரிடமும் மறைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாததைப் பொய் என்று சொல்ல முடியாது. உண்மை என்றும் சொல்ல முடியாது. ஆலையை மூடிய பிறகு அவர் பெயர் இன்னும் வளர்ந்தது. சரிபார்க்க ஆலை இல்லை அல்லவா!

டாக்டர் ஆர்வின் ஸ்ட்ரூக் பல் மருத்துவர். வீட்டில் பீரும் காய்ச்சுவார். ஆக இரண்டு வகையிலும் அடுத்தவர் வாயைப் பற்றிக் கவலைப்படுகிறவர். நவம்பரில் நடக்கும் கோயில் சந்தையில் வீட்டு பீர்ப் போட்டி அவர் பொறுப்பு. செப்டம்பர் முதல் வாரம், பூசை முடிந்து வெளியே வந்த பெர்னடீனை வாசலில் பிடித்தார்.

"இந்த வருஷம் ஒரு நடுவர் குறையுது. நீங்கதான் உக்காரணும்."

"நானா டாக்டர்? எனக்கென்ன தெரியும்?"

"பாருங்க, இந்த அடக்கம்தான்! முப்பத்தொரு வருஷம்! நாங்கல்லாம் புஸ்தகம் படிச்சுக் காய்ச்சறவங்க. உங்க முன்னாடி எங்க பாட்டிலை வைக்கவே கூச்சமா இருக்கு."

பீர் விஷயத்தில் பெர்னடீன் அதுவரை உண்மையைச் சொன்ன ஒரே தடவை அது. அது அடக்கம் என்ற கணக்கில் போய்விட்டது. சரி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

அவர் வீடு கீழே. தங்கை லுசில் மேல்வீடு. இரண்டு பேருமே கணவரை இழந்தவர்கள். லுசில் பீரைத் தொடமாட்டார். பிராந்தியில் சர்க்கரையும் ஆரஞ்சும் நசுக்கிப் போட்டுக் குடிப்பதுதான் மரியாதையான குடி என்பது அவர் கட்சி.

"உக்காந்து மூஞ்சியைச் சுளிச்சிட்டு வாயேன். யாருக்குத் தெரியப்போவுது?" என்றார் லுசில்.

"எனக்குத் தெரியுமே. அவங்க ராப்பகலா காய்ச்சிக் கொண்டாந்து வைப்பாங்க. நான் அதுக்கு மார்க் போடணும். ஒரு தடவையாவது காய்ச்சியிருக்கணும்டீ. தானியத்துலேருந்து."

"ரெண்டு மாசம் இருக்கு. ரெண்டு மாசத்துல நீ கன்னியாஸ்திரீகூட ஆயிடலாம்."

பெர்னடீன் நகரத்தின் மறுகோடிக்கு பஸ் பிடித்துப் போனார். இந்தப் பக்கத்துக் கடையில் வாங்கினால் செய்தி ஆர்வினுக்கு எட்டிவிடும். கடைக்காரர் டுவெய்ன் மார்பு வரை தாடி வைத்தவர். முதல் முறை என்றால் டப்பாவில் வரும் மால்ட் பாகை வாங்கிக் கரைத்துக் கொதிக்க வைத்தால் போதும் என்று நல்லெண்ணத்தோடு சொன்னார்.

"தம்பி, நான் முப்பத்தொரு வருஷம் பீர் ஆலையில இருந்தவ" என்றார் பெர்னடீன். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். உள்ளூரில்தான் என்றில்லை, பழக்கம் பஸ் ஏறி இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

டுவெய்ன் உடனே மரியாதையோடு பத்துப் பவுண்டு மால்ட்டை உடைத்துக் கொடுத்தார். முளைகட்டி உலர்த்திய பார்லி. கசப்புக்கு ஹாப்ஸ் பூ, ஒரு குப்பி ஈஸ்ட், அச்சடித்த செய்முறைத் தாள் ஒன்று. அனுபவசாலி என்பதால் வாய்விளக்கம் எதுவும் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை சமையலறையில் வேலை தொடங்கியது. உல்லாசப் பயணத்துக்கு எடுத்துப் போகும் ஐஸ் பெட்டிதான் பாத்திரம். அடியில் ஓட்டை போட்ட செப்புக் குழாய், அதிலிருந்து வெளியே ஒரு ரப்பர் குழாய், அதன் நுனியில் ஒரு திருகு. வெந்நீரை ஊற்றி மால்ட்டைக் கொட்டிக் கிளறி, காய்ச்சல் பார்க்கும் அதே டிகிரிக் கணக்கில் நூற்று ஐம்பத்திரண்டில் ஒரு மணி நேரம் மூடி வைக்க வேண்டும். சூட்டை ஒரு நிலையில் நிறுத்துவது பெர்னடீனுக்குச் சொல்லித்தர வேண்டிய விஷயம் அல்ல. ஒரு மணி நேரமும் பெட்டியை விட்டு நகரவில்லை. திறந்தபோது சூடான கஞ்சி வாசனை. ஊரில் ஆலைகள் ஓடிய நாட்களில் காற்றில் எப்போதும் இருந்த வாசனைதான். ஆனால் அதை அவர் ஆலையின் வாசனை என்றே நினைத்திருந்தார். ஒரு தானியத்தின் வாசனை என்று தோன்றியதே இல்லை. கரண்டியால் எடுத்து நக்கிப் பார்த்தார்.

"லுசில், இது இனிக்குதுடீ!"

"நீதான் சர்க்கரை போட்டிருப்ப."

"ஒண்ணும் போடல. வெந்நீர்தான் ஊத்தினேன். மாவா உள்ள போனது, சர்க்கரையா வந்திருக்கு."

"ஆலையில இதெல்லாம் சொல்லித்தரலியா?"

பெர்னடீன் ரப்பர் குழாயைத் திறந்தார். முழுசாகத் திறந்தார், ஆலை வேகத்தில். நாலு கோப்பை கலங்கலாக வந்து நின்றுபோனது. தானியம் அடியில் அழுந்தி அடைத்துக்கொண்டது. தாளைப் புரட்டினார். அடைத்தால் குழாயில் ஊதவும் என்று ஒரு வரி இருந்தது.

"நீ ஊது. எனக்கு மூச்சு வாங்குது" என்றார் தங்கையிடம்.

"பீரே குடிக்காதவளை பீர்க் குழாயில வாயை வைக்கச் சொல்றியே, உனக்கு நியாயமா இருக்கா?"

ஆனாலும் ஊதினார். பெட்டிக்குள் குபுகுபு என்று சத்தம் வந்தது. இந்த முறை பெர்னடீன் குழாயை நூல் அளவுக்குக் கொஞ்சமாகத் திறந்தார். கலங்கலை எடுத்து மேலே திரும்ப ஊற்ற ஊற்ற, தானியமே வடிகட்டியாகி, தேன் நிறத்தில் தெளிந்து வந்தது. தெளிந்த அந்தக் கணத்தை அவர் கண்தான் பிடித்தது. லுசிலுக்கு எல்லாம் ஒன்றாகவே தெரிந்தது. பிறகு வெந்நீர் தெளித்துச் சக்கையைக் கழுவி, சேர்ந்ததை ஹாப்ஸ் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆற்றி, கண்ணாடிக் குடுவையில் ஊற்றி ஈஸ்ட்டைச் சேர்த்தார்கள். ஊறல் நிலவறைக்குப் போனது. இரண்டு வாரம் தினமும் பெர்னடீன் கீழே போய், நாற்காலி போட்டு உட்கார்ந்து, குடுவையின் மூச்சுக் குழாய் குமிழ் விடுவதைப் பார்த்தார். கோயிலில்கூட அவர் அவ்வளவு நேரம் உட்கார்ந்து நாங்கள் பார்த்ததில்லை.

பாட்டிலில் அடைக்கும் நாள் வந்தது. அன்று அவர் வேறு மனுஷி. ஐம்பது பாட்டில், ஒன்றில்கூட நிரப்பு மட்டம் நகக்கண் அளவு ஏறவோ இறங்கவோ இல்லை. தாளில் எழுதியபடி அளந்த சர்க்கரையைப் பீரில் கலந்துவிட்டுத்தான் அடைத்தார். சர்க்கரையால் வாயு வரும் என்று தாளில் இருந்தது. அந்த வேலையை யார் செய்வார்கள் என்று இல்லை. மூடியை வைத்து அழுத்தும் சத்தம் கடிகாரம் மாதிரிச் சீராகக் கேட்டது. முடித்த கையோடு, ஊறுகாய் ஜாடிகளை வேகவைக்கும் பெரிய பாத்திரத்தில் வெந்நீர் வைத்தார்.

"இது தாள்ல இருக்கா?" லுசில் கேட்டார்.

"இல்ல."

"அப்புறம் ஏன் செய்யற?"

"தாள் எழுதினவன் ஒரு நாளாவது லைன்ல நின்னிருப்பானா? சூடு காட்டாத பாட்டிலை நான் வெளியில விட்டதே இல்ல. நூத்தி நாப்பது டிகிரி, இருபது நிமிஷம். இது ஒண்ணுதான்டீ எனக்கு நிஜமாத் தெரிஞ்ச வேலை."

எட்டெட்டு பாட்டிலாக எல்லாவற்றுக்கும் சூடு காட்டினார். அன்று அவர் முகத்தில் இருந்த நிம்மதியைப் பற்றி லுசில் இன்றும் சொல்வார்.

தாளில் சொன்ன இரண்டு வாரத்துக்கு மேல் இன்னொரு வாரமும் பொறுத்து, ஒரு மத்தியானம் முதல் பாட்டிலைத் திறந்தார். சத்தமே இல்லை. தம்ளரில் ஊற்றினார். நுரை இல்லை. கண்ணாடி மாதிரித் தெளிவு. ஆனால் செத்த தண்ணீர். குடித்துப் பார்த்தால் மால்ட், கசப்பு, அதற்கு மேல் அசட்டுத் தித்திப்பு. ஆறு பாட்டில் திறந்தார். ஆறும் அப்படியே. பாட்டிலுக்குப் பாட்டில் வித்தியாசமே இல்லை என்பதில் ஆலைக்காரிக்கு ஒரு கணம் பெருமைகூட வந்ததாம்.

ஏழாவது பாட்டிலோடு டுவெய்னிடம் போனார். சந்தைக்கு ஐந்து நாள் இருந்தது.

"சர்க்கரை போட்டீங்களா?"

"தாள்ல இருந்த அளவு."

"மூடி சரியா..."

"என் மூடியைப் பத்திப் பேசாத தம்பி."

"சரிம்மா, சரி. அப்புறம் என்ன செஞ்சீங்க?"

"என்ன செய்வாங்க? சூடு காட்டினேன்."

டுவெய்ன் பாட்டிலை மெல்ல மேசைமேல் வைத்தார். "எதுக்கும்மா?"

"எதுக்கா? கெட்டுப் போகாம இருக்கத்தான்."

"அம்மா, சர்க்கரையைத் தின்னுட்டு வாயு விடறது ஈஸ்ட்தான். அது உயிரோட இருந்தாத்தான் விடும்."

"பாட்டிலுக்குள்ள அது உயிரோடவா இருக்கு?"

"இருந்துச்சு" என்றார் டுவெய்ன்.

பாட்டில்களைத் திறந்து ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை புது ஈஸ்ட் போட்டு மூடினால் பிழைக்கும், ஆனால் இரண்டு வாரமாவது ஆகும் என்றார். சிரிக்காமல் சொன்னார், அதற்காகவே பெர்னடீன் அவரிடம் இன்றுவரை பொருள் வாங்குகிறார்.

திரும்பும் பஸ்ஸில் அவர் பீரை நினைக்கவில்லை, சுரங்கத்தை நினைத்தார். கெட்டுப்போகாமல் காப்பது என்றால், இனி ஒன்றும் ஆகாமல் நிறுத்திவிடுவது என்று அர்த்தம். அதை இருபது வருடம் அவர் குறையில்லாமல் செய்திருக்கிறார். தப்பான வேலை அல்ல. ஊர் ஊராகப் போய் வெயிலில் நின்ற பாட்டில்கள் அதனால்தான் கெடாமல் போய்ச் சேர்ந்தன. ஆலையில் வாயு தனியாகக் குழாயில் வரும். அடுத்து எதுவும் நடக்க வேண்டியதில்லை. வீட்டுப் பாட்டிலுக்கோ மூடிக்குப் பிறகுதான் பாதி வேலை பாக்கி. தெரியாத எல்லாவற்றையும் தாளைப் பார்த்துச் சரியாகச் செய்தவர், தெரிந்த ஒரே காரியத்தால் கெடுத்திருக்கிறார்.

சனிக்கிழமை, கோயில் கூடத்தில் போட்டி மேசை. மூன்று நாற்காலிகளில் ஒன்று காலி. பெர்னடீன் கையில் ஒரு பாட்டிலோடு ஆர்வினை ஓரமாக அழைத்து எல்லாவற்றையும் சொன்னார். வெளிச்சப் பலகை, சுரங்கம், வேறு நிற அட்டை, சூடு காட்டிய ஐம்பது பாட்டில்.

ஆர்வின் குரலைத் தாழ்த்தினார். "இப்ப யாரு கேட்டா? சும்மா உக்காருங்க. நீங்க உக்காந்தாலே போதும்."

"அதான் டாக்டர், இத்தனை வருஷமா உக்காந்தே இருந்துட்டேன். எனக்கு ஒரு எண் குடுங்க. நான் அந்தப் பக்கம் நிக்கிறேன்."

பதினான்காம் எண் கிடைத்தது. காலி நாற்காலிக்கு ஆள் தேடி ஆர்வின் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். லுசில் கூப்பிடாமலே போய் உட்கார்ந்தார்.

அன்று நடுவர்களில் கொஞ்சமும் தயங்காதவர் அவர்தான். ஒன்றை "சோப்புத் தண்ணி" என்றார். பஸ் ஓட்டும் கஸ் ப்ரீபேயின் பாட்டில் திறந்ததும் பொங்கி மேசைத் துணியை நனைத்தபோது, "இது பீரா, தீயணைப்புக் குழாயா?" என்றார். கூடம் சிரித்தது. பதினான்கு வந்தது. மூடியைத் திறந்தார். கொஞ்சம் காத்திருந்தார். காதருகே கொண்டுபோய்க் கேட்டார். ஒரு வாய் குடித்தார்.

"பாக்க ராணி மாதிரி இருக்கு. பாட்டிலுக்கு முழு மார்க். உள்ள உயிர் போயிட்டுது பாவம், நமக்குத் தகவல்தான் வரல."

கூடம் அதற்கும் சிரித்தது. அக்கா முகத்தைத் தங்கை பார்க்கவில்லை. அதுதான் அவருடைய கருணை. எண்ணுக்குரிய பெயரைப் போட்டியில் சொல்வதில்லை. பேசாமல் இருந்தால் பதினான்கு யாருடையது என்று தெரியாமலே போயிருக்கும்.

"அது நான் செஞ்சது" என்றார் பெர்னடீன்.

சிரிப்பு நின்றது. துணியைத் துடைத்துக்கொண்டிருந்த கஸ்தான் முதலில் வாயைத் திறந்தார். "எப்படிங்க இப்படி ஆச்சு? எனக்கு அடங்க மாட்டேங்குது, உங்களுக்கு எழும்ப மாட்டேங்குது."

பெர்னடீன் சொன்னார். சூடு எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம், எதற்காக, அதனால் உள்ளே என்ன செத்தது. நாலைந்து பேர் நெருங்கி வந்து கேட்டார்கள். ஒருவர் தாளில் குறித்துக்கொண்டார். பீரைப் பற்றி அவர் பேசி அத்தனை நேரம் நாங்கள் கேட்டதே இல்லை.

பரிசு யாருக்கோ போனது. நாற்காலிகளை மடக்கும்போது ஆர்வின் பக்கத்தில் வந்து, "அடுத்த வருஷமாவது நடுவரா உக்காருவீங்களா?" என்று கேட்டார்.

"பாக்கலாம் டாக்டர். வீட்ல இன்னும் நாப்பத்திரண்டு பாட்டில் இருக்கு. நாளைக்கு ஈஸ்ட் போட்டு மூடி, அப்படியே விடப் போறேன். சூடு காட்டாத பாட்டிலை வீட்ல வெச்சுக்கிட்டு எப்படித் தூங்கப் போறேன்னுதான் தெரியல."