கேம்பருக்கு என்னென்ன வேண்டும்?

பிக்கப் வண்டியின் பின்பெட்டியில் ஒரு சின்ன வீட்டைப் பொருத்திக் கொடுப்பது என் தொழில். கூரையை உயர்த்தினால் உள்ளே நின்று தேத்தண்ணி குடிக்கலாம், இறக்கினால் வீதியில் ஓடலாம். பாரம் குறைந்த சாமான் என்றுதான் வாங்க வருவார்கள். பிறகு அடுப்பு, பற்றரி, ஹீற்றர் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். வண்டி தாங்காது என்று சொல்கிற நாங்கள்தான் கெட்டவர்கள். வாடிக்கையாளரிடம் வாங்கிக்கட்டிய அன்பர்களே, இத்தாலியின் பலேர்மோவில் நான் பட்டதையும் கேளுங்கள்.

இரட்டை அடுப்பு

மன்னார்ச் சேவியர் அண்ணை எனக்குத் தேவாலயத்துத் தமிழ்ப் பூசையில் பழக்கம். வுச்சீரியாச் சந்தையில் ஒரு சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவுகிறார். மனைவி மெற்றில்டா அக்கா பொலிதேயாமா வட்டாரத்தில், படுத்த படுக்கையாய்க் கிடக்கும் ஒரு வயதான இத்தாலியச் சிஞ்ஞோராவை அந்த வீட்டிலேயே தங்கிப் பார்க்கிறார். பல வருஷங்களுக்குப் பிறகு அக்காவுக்கு நீண்ட லீவு. ஜெனோவாவுக்குக் கப்பலில் போய், அங்கிருந்து ஜெர்மனியில் தன் தமையன் வீடு வரை கேம்பரில் போவது அண்ணையின் ஆசை.

இரட்டை அடுப்பு, நாலு பேர் படுக்கை என்று அண்ணை அடுக்கினார்.  அக்காவின் முகம் இறுகிக்கொண்டு வந்தது.  "வண்டி தாங்குமோ தம்பி?" என்றார் அண்ணை. அக்கா என்னைப் பார்த்துச் சொன்னார்: "வண்டி தாங்கும். ரெண்டு அடுப்பிலயும் ஆர் நிண்டு சமைக்கிறது எண்டு அவரைக் கேளுங்கோ."

கழிப்பறைப் பெட்டி

சமாளிக்கிறேன் பேர்வழி என்று நான் வாயைக் கொடுத்தேன். தூக்கிப்போய் ஊற்றிக் கழுவுகிற சிறிய கழிப்பறைப் பெட்டியைக் காட்டி, "பொம்பிளையளுக்கு இது கட்டாயம் வேணும் அக்கா" என்றேன். "ஓம், உனக்காகத்தான்" என்று அண்ணையும் ஒத்து ஊதினார்.

அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.  அங்கே நின்று திரும்பிச் சொன்னார்: "இவ்வளவு வருஷமா மற்றவையின்ரதைக் கழுவுறன். லீவிலயும் அதைத்தான் கழுவோணுமோ?" எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மூடாத கூரை

கடைசியில் ஒற்றை அடுப்பு, இருவருக்குப் படுக்கை என்று முடிவாயிற்று. கழிப்பறைப் பெட்டியைத் தானே கழுவுவதாக அண்ணை அந்தோனியார் மேல் சத்தியம் செய்த பிறகுதான் அக்கா அரைமனதாகத் தலையாட்டினார்.

புறப்படும் நாள் துறைமுகத்திலிருந்து அண்ணையின் போன்: "கூரை மூடுதில்லை, ஓடி வா!" ஓடினேன். வண்டிகள் கப்பலுக்குள் ஏறிக்கொண்டிருந்தன. கூரையை இறக்காவிட்டால் ஏற்றமாட்டோம் என்று ஊழியர் கத்தினார். பின்னால் நின்றவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். கூரை இறங்கினால் மெத்தைக்கு மேல் நாலு விரல் இடம்தான் மிஞ்சும். போர்வைகளை விலக்கிப் பார்த்தேன். முப்பது பேருக்குச் சமைக்கிற அலுமினியச் சட்டி! தமையன் மகள் தேவாலயத்தில் முதல் நன்மை வாங்குகிற நாள் விருந்துக்கு மெற்றில்டா சமைப்பாள் என்று மனுஷன் போனிலேயே ஒப்புக்கொண்டு, சட்டியை ஒளித்து வைத்திருக்கிறார்.

அக்கா இறங்கிவிட்டார். "சட்டியோட நீங்கள் போங்கோ. நான் வரேல்லை." ஊழியர் வண்டியை ஒதுக்கச் சொல்லிக் கைகாட்டினார். கப்பலும் போகப்போகிறது, பெண்சாதியும் போகப்போகிறாள். சேவியர் அண்ணைக்கு வியர்த்து ஊற்றியது. சட்டென்று சட்டியை இழுத்து என் கையில் திணித்தார். அங்கேயே நின்று தமையனுக்குப் போன் போட்டார்: "சாப்பாட்டைக் கடையில சொல்லுங்கோ அண்ணை. மெற்றில்டா விருந்தாளியா வாறா." அக்கா திரும்ப ஏறினார், கூரையும் மூடியது, வண்டி கப்பலுக்குள் போனது.

ஆகவே அன்பர்களே, என்ன வேண்டும் என்று புருஷனைக் கேட்டுவிட்டு, அதோடு மாரடிக்கப் போவது யார் என்று பெண்சாதியைக் கேளாமல் விட்டால், என்னைப்போல் துறைமுகத்திலிருந்து முப்பது பேர்ச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வீடு திரும்ப வேண்டியதுதான்.