ஸ்ரீஹரிக்கு மொட்டை, முனிரத்தினத்துக்குப் பரீட்சை

திருப்பதி கொர்லகுண்டாவில் எங்கள் தெரு முனையில் இஸ்திரி வண்டி போட்டிருக்கிறவன் முனிரத்தினம். நான் பூ கட்டி விற்கிற இடம் அவன் வண்டிக்கு நேர் எதிரே. பத்து வருஷமாகப் பார்க்கிறேன். சட்டைக் காலருக்கு வலிக்குமோ என்று பார்த்துப் பார்த்து மடிக்கிற மனுஷன். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துப் பெருமாள் கண் திறந்து கொடுத்த பிள்ளை ஸ்ரீஹரி.

பெண்சாதி நந்திதாவுக்கு ஸ்ரீசிட்டியில் கம்பெனி வேலை. விடிகாலை பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனால் சாயந்திரம்தான் இறக்கிவிடும். அதனால் பகலெல்லாம் பிள்ளை அப்பனோடுதான். வேப்பமரத்தடியில் ஒரு பாய், இரண்டு பொம்மை, ஒரு கிண்ணம் பொரி. அப்பன் துணி தேய்ப்பான், பிள்ளை பொரி இறைப்பான். எனக்குப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கும்.

ஒரே ஒரு குறை. இரண்டரை வயசாகியும் பிள்ளைக்கு டயபர்தான்.

பங்குனியில் நந்திதாவின் அக்கா மனோரமா சித்தூரிலிருந்து வந்தாள். பிள்ளையைத் தூக்கினாள், உடனே இறக்கிவிட்டாள்.

"இன்னாபா முனிரத்தினம், பேண்டுக்குள்ள பூசணிக்காய வெச்சினு நடக்கிறா மாதிரி கீறான்? ஜூன்ல ஸ்கூல்ல சேர்க்கணும். டயபரோட போனா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க."

"பழகிடுவான்கா."

"எப்போ? மீசை முளைச்சப்புறமா? வைகாசியில மலைக்குப் போய் மொட்டை போடப் போறோம் இல்ல? அன்னிக்கு டயபர் கூடாது. துணிய நனைக்காம, அவனே வாயத் தொறந்து சொல்லணும். இல்லன்னா என்கூட சித்தூருக்குக் கூட்டினு போயிடுவேன். ஒரு வருஷத்துல பழக்கி அனுப்பறேன்."

வேலை அலுப்பில் இருந்த நந்திதா சரியென்று தலையாட்டிவிட்டாள். முனிரத்தினத்தின் கையிலிருந்த இஸ்திரிப் பெட்டி அசையாமல் நின்ற இடத்தில் ஒரு தலையணை உறை பழுப்பாகிவிட்டது.

மறுநாளே நடுவில் ஓட்டையும் அடியில் கிண்ணமும் வைத்த நீல பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று மரத்தடிக்கு வந்தது. ஸ்ரீஹரிக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. முதல் நாள் தலையில் கவிழ்த்துக்கொண்டு போலீஸ்காரன் ஆனான். இரண்டாம் நாள் அதில் பொரியைக் கொட்டி எனக்குக் கொண்டுவந்து, "துன்னு" என்றான். மூன்றாம் நாள் நல்ல பிள்ளையாக அரை மணி நேரம் உட்கார்ந்தான். அப்பன் கைகூப்பிக்கொண்டு எதிரே குந்தியிருந்தான். பிள்ளை எழுந்தான், நாற்காலியைச் சுற்றி வந்தான், தேய்த்து அடுக்கியிருந்த வாடிக்கைக்காரர் வரதராஜன் சார் சட்டைகள் மேல் போய்விட்டான்.

"இன்னா முனிரத்தினம், சட்டைக்குப் பன்னீர் தெளிச்சியா?" என்று வரதராஜன் சார் மோந்து பார்த்துவிட்டுக் கேட்டார். அவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அப்புறம் நம்மூர் வழக்கப்படி பிள்ளையைக் குந்தவைத்து, "ஸ்ஸ்ஸ்" என்று ஓசை கொடுத்துப் பழக்கினான். இரண்டே நாளில் பிடித்துக்கொண்டது. "ஸ்ஸ்ஸ்" என்றால் போதும், குழாயைத் திறந்த மாதிரி. முனிரத்தினம் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தான்.

டீ ஆறுவதற்குள் விஷயம் தெரிந்துவிட்டது. தண்ணீர் தெளித்த துணியில் காய்ந்த பெட்டியை வைத்தால் அதுவும் "ஸ்ஸ்ஸ்" என்றுதானே சொல்லும்? ஒரு வேட்டிக்கு நாலு தரம் சொல்லும். அன்றைக்கு ஏழு வேட்டி. ஸ்ரீஹரிக்கு ஏழு ஜட்டி மாற்றியும் பத்தவில்லை.

"யக்கா, இப்ப இன்னா பண்றது? பெட்டி வாய அடைக்க முடியுமா?"

"வேற எதுனா சொல்லிப் பழக்குப்பா. நல்ல வார்த்தையா, பெருமாள் பேரா சொல்லு" என்றேன். புத்தி சொன்ன பாவி நான்தான்.

அன்று முதல் நீல நாற்காலியில் உட்காரவைத்து, "கோவிந்தா, கோவிந்தா" என்று மெதுவாகச் சொன்னான். பத்து நாளில் பிள்ளை தேறிவிட்டான். பெட்டி சீறினால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்பன் "கோவிந்தா" என்றால் மட்டும் வேலை முடிந்துவிடும். மூன்று வாரம் ஒரு துணி நனையவில்லை. நாங்கள் இரண்டு பேரும் திருப்பதியில்தான் இருக்கிறோம், எந்த மலைக்குப் போகப்போகிறோம் என்பதை எப்படித்தான் மறந்தோமோ!

வைகாசி வந்தது. அவர்களோடு நானும் கிளம்பினேன். மலையடிவாரத்து அலிபிரியில் சோதனை முடிந்து பஸ் நகர்ந்ததும், முன் சீட்டில் ஒருவர் எழும்பி, "ஏடுகொண்டலவாடா!" என்றார். ஐம்பது பேர் ஒரே குரலில், "கோவிந்தா! கோவிந்தா!"

முனிரத்தினம் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். ஸ்ரீஹரி மடியில் நெளிந்து டிராயரைப் பிடித்தான்.

அடுத்த நொடி தோளிலிருந்த துண்டை எடுத்து, பிள்ளையின் இரண்டு காதையும் மூடி இறுக்கிக் கட்டிவிட்டான் முனிரத்தினம்.

"இன்னாபா கூத்து இது?" என்றாள் மனோரமா.

"மலைக்காத்துக்கா. குளிருது."

"வைகாசி வெயில்லயா? உனக்கே வேர்த்து ஊத்துதே!"

ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு கோவிந்தா. ஒவ்வொரு கோவிந்தாவுக்கும் அவன் துண்டை இன்னொரு முடிச்சுப் போட்டான். மேலே போய்ச் சேரும்போது பிள்ளையின் மூக்கு மட்டும்தான் வெளியே தெரிந்தது. டிராயர் காய்ந்தே இருந்தது. எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் பயம்.

ஆனால் துண்டோடு மொட்டை போட முடியுமா? கல்யாணகட்டையில் நாவிதர் முதல் காரியமாக அதை அவிழ்த்தார். அப்பன் மடியில் பிள்ளை. தலையில் தண்ணீர் தெளித்துக் கத்தியை வைக்கையில், பக்கத்து வரிசையில் முடி கொடுத்தவர்கள் எல்லாம், "கோவிந்தா!" என்றார்கள். முனிரத்தினம் கண்ணை மூடிக்கொண்டான். வேட்டி சூடாக நனைந்தது.

நாவிதர் குனிந்து பார்த்தார், சிரித்தார், ஒரு சொம்புத் தண்ணீரை அவன் மடியிலேயே கவிழ்த்துவிட்டுக் கத்தியைத் தொடர்ந்தார். தூரத்தில் நின்ற மனோரமாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. தகப்பனும் பிள்ளையும் குளித்து மாற்று உடுத்திக்கொண்டார்கள். காரியம் அம்பலமாகாமல் தப்பியது.

மனசு தப்பவில்லை. தரிசனத்துக்குக் கூட்டத்தை அடைத்து வைக்கிற கம்பார்ட்மெண்ட்டில் உட்கார்ந்திருந்தோம். மின்விசிறிச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை, எல்லோருக்கும் அசதி. சந்தனம் பூசிய தலையோடு ஸ்ரீஹரி பெரியம்மா மடியில் இருந்தான். துண்டு முனிரத்தினத்தின் கையிலேயே இருந்தது.

"அக்கா, இவ்ளோ கிட்ட வந்துட்டு சாமி முன்னாடி பொய்யோட நிக்க முடியாதுக்கா. மொட்டை போடறப்ப என் மடியிலயே போயிட்டான்" என்று சொல்லி, நாற்காலி, பெட்டி, கோவிந்தா எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

மனோரமா கேட்டு முடித்தாள். "அப்ப பேச்சு பேச்சுதான். நாளைக்கு எட்டு மணி பஸ்ஸுக்குத் துணிமணி எடுத்து வை" என்றாள்.

நந்திதா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். முனிரத்தினம் தரையைப் பார்த்தான். நான், 'பெருமாளே, உன் பேரைச் சொல்லச் சொன்னது நான்தான், தண்டனை இவனுக்கா?' என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஸ்ரீஹரி பெரியம்மாவின் தாடையைப் பிடித்துத் திருப்பினான்.

"பெரிம்மா. ஒண்ணுக்கு."

"யாருக்கு?"

"எனக்குத்தான்!"

ஒருத்தரும் கோவிந்தா சொல்லவில்லை. ஒருத்தரும் "ஸ்ஸ்" என்றுகூடச் சொல்லவில்லை. மனோரமா ஒரு கணம் அவனையே பார்த்தாள். பிறகு அவனை இடுப்பில் அள்ளிக்கொண்டு, கால்களையும் பைகளையும் தாண்டி, "ஜரகண்டி! ஜரகண்டி!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். சன்னிதியில் நகரச் சொல்லி விரட்டுகிற வார்த்தை இங்கேயே கேட்டதும், தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் பதறி எழுந்து வழிவிட்டார்கள்.

திரும்பி வரும்போது அவள் முகமெல்லாம் பல். பிள்ளையின் டிராயரைத் தடவிக் காட்டினாள். "பாரு, ஒரு சொட்டு இல்ல! கதவு வரைக்கும் அடக்கினு வந்தான்டி நந்திதா, என் தங்கம்!"

"மொட்டை போட்ட இடத்துல..." என்று ஆரம்பித்தான் முனிரத்தினம்.

"அது நாவிதர் ஊத்தின தண்ணி. நான்தான் பாத்தனே சொம்ப" என்றாள் மனோரமா. "பிடி உன் பிள்ளைய. ஜூன்ல நீயே கூட்டினு போய் ஸ்கூல்ல விடு. அந்தத் துண்ட மட்டும் தூரப் போடு."

அப்போது கம்பார்ட்மெண்ட் கதவு திறந்தது. அத்தனை பேரும் எழுந்து, "கோவிந்தா! கோவிந்தா!" என்று முழங்கினார்கள். எல்லோரையும்விட முனிரத்தினத்தின் குரல்தான் பெரிசு. கண்ணில் தண்ணீர் வழிய வழியக் கத்தினான்.

தோளிலிருந்த ஸ்ரீஹரி குனிந்து, அப்பன் வாயைக் கையால் பொத்தினான்.

"நைனா, கத்தாத. எனக்கு வரல."