தரையில் தூள் இல்லை

குதிரைக்குப் பல் ராவுகிற டெலித்துக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். வளர்ந்து கூராகிக்கொண்டே இருக்கும் குதிரைப் பற்களைத் தேய்த்துவிட, வேல்ஸ் மலைப் பண்ணைகளில் பல வருஷமாக அரம் பிடித்தவள். கால்நடை டாக்டருக்குப் படிக்காதவர்களும் இந்த வேலைக்குத் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கலாம் என்றார்கள். போனாள், தோற்றாள்.

தேர்வில் கொடுத்த குதிரையின் பற்களை அவள் மழமழவென்று ராவிவிட்டிருந்தாள்.

"மேடு பள்ளம் எல்லாத்தையும் எடுத்துட்டா, இது புல்லை எதை வச்சும்மா அரைக்கும்?" என்றார் தேர்வாளர்.

வீடு வந்து சேரும்வரை அவரைத் திட்டித் தீர்த்தாள். அடுத்த முறை குத்துகிற ஓரங்களை மட்டும் ராவிவிட்டுக் கையை எடுத்தாள். பாஸ்.

அதற்குப் பிறகு முதல் வேலை, அவளுடைய பழைய வாடிக்கைக்காரர் ஐவரின் பண்ணையில். குதிரையின் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தாள், விரலால் தடவினாள், அரத்தைப் பைக்குள் போட்டாள்.

"இந்த வருஷம் தொட வேண்டாம் ஐவர்."

ஐவர் தரையைப் பார்த்தார். வழக்கமாக அங்கே பல்தூள் மாவு கொட்டினாற்போல் கிடக்கும். அதைப் பார்த்தால்தான் அவருக்கு வேலை நடந்த திருப்தி.

"போன வருஷம் வேர்க்க விறுவிறுக்க ராவுனியேம்மா! சான்றிதழ் வந்ததும் உடம்பு வளைய மாட்டேங்குதா?"

டெலித் பல்லைக் கடித்துக்கொண்டு வண்டிவரை போனாள். அதற்குமேல் முடியவில்லை. திரும்பிக் கத்தினாள்:

"போன வருஷமே இந்த வருஷத்துக்கும் சேத்து ராவித் தொலைச்சுட்டேன், போதுமா!"