வாசகசாலைக் கல்லின் வெற்றுப் பாதி

பேளுக்குறிச்சிச் சந்தைக்கு வரும் மாடுகள் தண்ணீர் குடிக்கிற கல்தொட்டி நான் கட்டியது. காரவள்ளிச் சத்திரம் நான் கட்டியது. பாறை என்று மற்ற கொத்தனார்கள் கைவிட்ட கிணற்றுக்குப் படி வைத்துக் கொடுத்தவனும் நான்தான். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மட்டக்கோல் பிடிக்க எனக்கு எவரும் சொல்லித்தரவில்லை. ஆனால் வெள்ளைக்காரன் காலத்தில், ரோடே இல்லாத கொல்லிமலை மேல் கட்டினேனே ஒரு வாசகசாலை, அதுதான் என் பெயர் சொல்லவேண்டிய வேலை. சொல்லவில்லை.

காப்பித் தோட்டத்து முதலாளி ஒருவர், காலமான தன் தகப்பனார் நினைவாக அதைக் கட்டச் சொன்னார். சுண்ணாம்பும் ஓடும் அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து தலைச்சுமையாக ஏறின. ஈரம் ஏறாதிருக்க இடுப்பு உயரத்துக்கு அடித்தளம் போட்டேன். சாரல் அடிக்கிற மேற்கே சன்னலே வைக்கவில்லை. கிழக்கே வரிசையாக வைத்தேன். காலை வெளிச்சம் நேராக மேசைமேல் விழும். சுவரில் இன்றைக்கும் ஒரு விரிசல் காட்டுங்கள், பார்க்கலாம்.

விரிசல் விழாததற்குக் காரணம் என் தம்பி.

மலைக்காய்ச்சலுக்குப் பயந்து எங்கள் அடிவாரத்து ஆட்கள் மேலே இரவு தங்கமாட்டார்கள். ஆனால் கடைசிப் பூச்சு அப்படி விட்டுவிட்டு வரக்கூடியதல்ல. கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்பைப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்து மினுக்க வேண்டும். மலைக்காற்று பட்டால் சீக்கிரம் உலர்ந்து வெடித்துவிடும். மேலே சாக்கைத் தொங்கவிட்டு, அது காயாமல் நனைத்துக்கொண்டே இருக்க ஆள் வேண்டும்.

கல் சுமந்துவந்த மலைக்காரர் ஒருவர் எங்களைச் சீண்டினார். "ஏனுங்க மேஸ்திரி, பொழுது சாயறதுக்குள்ள உங்காளுங்க ஓடிப்போயிடறாங்க. நாங்கெல்லாம் இங்க செத்தா கெடக்கறோம்?"

தம்பி சிரித்தான். "நீங்க சாமைச்சோறு தின்னு வளந்த ஒடம்புங்க. கடிச்சா கொசுவுக்குப் பல்லு ஒடஞ்சிருமுங்க."

பிறகு என்னிடம், "நான் தங்கிக்கறேண்ணா. செவுரு வெடிச்சா ஊரே நம்மளப் பாத்துச் சிரிக்கும்" என்றான்.

"வேண்டாஞ் சாமி, வேற ஆளு பாக்கலாம்."

"எவன் வருவான்? நீ போண்ணா, அண்ணி சோத்த வெச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கும்."

சாக்கு ஒருநாளும் காயவில்லை. சுவர் முகம் பார்க்கிற மாதிரி மினுங்கியபோது, அவன் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தான். தூளி கட்டி மலைக்காரர்கள்தான் சுமந்து இறக்கினார்கள். வழியில் கண்ணைத் திறந்து, "சாக்கு நனைச்சாங்களாண்ணா?" என்றான்.

"நனைச்சாச்சு கண்ணு."

வீடு வந்து சேருவதற்குள் போய்விட்டான்.

திறப்பு நாளன்று வாசலில் ஒரு கல் பதித்தார்கள். முதலாளியின் தகப்பனார் பெயர், திறந்துவைத்த அதிகாரியின் பெயர், அவ்வளவுதான். "ஏனுங்க, கீழ எடமிருக்குது. என்ர தம்பி பேரையும் என்ர பேரையும் நானே வெட்டிக்கட்டுங்களா?" என்று கேட்டேன்.

"கல்லு பாக்க நல்லா இருக்காதப்பா. அப்புறம் பாக்கலாம்" என்றார் முதலாளி. அந்த அப்புறம் வரவே இல்லை. கல்லின் கீழ்ப்பாதி இன்னும் வெறுமையாகத்தான் கிடக்கிறது.

இப்போது உளி பிடித்தால் என் கை ஆடுகிறது. வாசகசாலையைப் பார்த்துக்கொள்கிறவர்கள் ஒரு கல்தச்சரை அனுப்பட்டும். தம்பி பெயர் முதலில், என் பெயர் அதற்கடுத்து. அவன் பெயர் மட்டும் போதும் என்று பெருந்தன்மை பேசமாட்டேன். கட்டியவன் நான். இரண்டு பெயரையும் வெட்டுங்கள்.